இரண்டு சாய்கோட்டுக்கு வலப்பக்கம்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
டயர் கடை மாடி.
பதினோரு கணினி, ஒன்பது ஓடும்.
நாளைய பாடத்துக்கு நிரல் எழுதி வைக்கிறேன்,
ரப்பர் ஷீட் எடை கூட்டும் நிரல்.
குலசேகரத்துப் பிள்ளைகளிடம் போய்
ஆப்பிள் கணக்கு எதற்கு?

விசைப்பலகை வழியே வருவதெல்லாம் எழுத்து.
பன்னிரண்டே முக்கால் கிலோவும்
உள்ளே வரும்போது ஐந்து குறிகள்தான்:
ஒன்று, இரண்டு, புள்ளி, ஏழு, ஐந்து.
இன்னொரு எடையை அதோடு கூட்டிப் பார்,
கூடாது. ஒட்டும்,
காயாத ஷீட்டை அடுக்கினாற்போல.

ஆகவே எழுத்தை எண்ணாக்க ஒரு வரி.
பக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டு
போன வருசம் எழுதியிருந்தேன்:

// இங்கே டைப் கேஸ்டிங் செய்கிறோம்

திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டியபோது
கடைசி வரிசையிலிருந்து குளச்சல் சகாய லிபின்,
"சாரே, இதுக்குள்ளயும் கேஸ்ட் உண்டா?"
சிரித்தார்கள்.
சிரிக்காத மூன்று பேரின் முகம்
இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த பேட்சுக்குக் காஸ்டிங் என்று திருத்தினேன்.
ஒருத்தி அதன் கீழே
"எவ்வளவு ஆகும்?" என்று குறித்து வைத்திருந்தாள்.
இனமாற்றம் என்று போட்டுப் பார்த்தேன்.
அச்சுக்குப் போகுமுன் ரெஜிலா பிடித்துவிட்டாள்:
"இந்த ஜில்லாவுல இருந்துட்டா இத எழுதுதீரு?"

வெறும் மாற்றம் என்றால்?
மாற்றம் என்ற சொல்லுக்கு இங்கே
குருசடிக்கு ஒரு பொருள், கோயில் முக்குக்கு ஒரு பொருள்.
ஐம்பத்தாறில் எங்கள் வீடு நகரவில்லை,
கிணறு நகரவில்லை,
தாலுகா மட்டும் மாநிலம் மாறிற்று.
அதற்கு என்ன குறிப்பு எழுதுவது?

ரெஜிலாவுக்கு உறுத்தியது வேறு.
"கேக்க ஒருமாதிரி இருக்குங்கத விடும்.
அது தப்பும்கூட.
கேஸ்ட்டுன்னா நீரு கையால எழுதிக் கேக்கது.
கேக்காம தன்னால நடந்தா அது கேஸ்ட் இல்ல,
மாற்றம், அவ்வளவுதான்.
தன்னால நடக்குத கேஸ்ட்டுன்னு ஒண்ணு கெடையாது ஓய்.
எழுத்தப் படிச்சு எண்ணு உண்டாக்குதது இது ரெண்டும் இல்ல."

தேநீர் ஆறிவிட்டது.
வெளியே ஐப்பசி மழை, டயர்கள் மேல் விழும் சத்தம்.
பழைய வரியை அழித்தேன்.

// எழுத்தை வாசித்துப் புதிதாக ஒரு தசம எண் உண்டாக்குகிறோம்.
// பழைய எழுத்து அப்படியே இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது.

கீழே, எண்ணிக்கையும் எடையும் பெருகும் இடத்தில்:

// முழு எண் தானாகத் தசமமாகும். நாம் கேட்கவில்லை.

அதற்கும் கீழே, ரசீது அடிக்கும் வரியில்:

// இது கேஸ்ட். நாம் எழுதிக் கேட்டது.
// புள்ளிக்குப் பின்னால் உள்ளது வெட்டுப்படும்.
// முக்கால் கிலோ போயிற்று. யாருக்கு நஷ்டம் என்று யோசி.

கடைசி வாக்கியம் பாடத்தில் சேராது என்பாள் ரெஜிலா.
இருக்கட்டும், காலையில் சண்டை போடுவோம்.
இயந்திரம் இதில் ஒரு எழுத்தைப் படிக்கப்போவதில்லை,
சாய்கோட்டைக் கண்டதும் தாண்டிவிடும்.

மூடுமுன் புது பேட்சின் சேர்க்கைப் படிவத்தைத் திறந்தேன்,
அதுவும் என் நிரல்தான்.
பெயர். ஊர். தகப்பன் பெயர்.
சமுதாயம்: வகை, எழுத்து.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் போக விடாது,
சிவப்பில் பிழை காட்டும்.
யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை.
கையால் எழுதியிருக்கிறேன், மூன்று வருசத்துக்கு முன்.

அந்த வரிக்குப் பக்கத்தில்
குறிப்பு எதுவும் இல்லை.